பொதுநீரும் பொதுமக்களும்: லக்கலவை முன்வைத்து நீராடுமிட ஒழுங்குவிதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலக்கியத்தில் நீராடல் பெரிதும் ஒரு கூட்டுச் செயலாகவே சித்திரிக்கப்பட்டுள்ளது. பரிபாடலின் வையைப் பாடல்கள் புதுப்புனலின் வரவை ஒரு நகரமே திரண்டு எதிர்கொள்ளும் விழாவாகக் காட்டுகின்றன. ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பி அழைத்துச்செல்லும் நோன்பாக மார்கழி நீராடலைப் பாடுகின்றன. பெண்பாற் பிள்ளைத்தமிழ் நீராடலுக்கெனத் தனியொரு பருவத்தையே வகுத்துள்ளது. இவற்றின் கவிநயத்தை விதந்துரைக்கும் நாம், அத்துறைகளில் இறங்குவதற்கு உரிமையற்றிருந்தோர் யாவர் என்ற வினாவைப் பொதுவாக எழுப்புவதில்லை. இலக்கியம் விட்டுச்சென்ற இவ்வினாவுக்குச் சமூக வரலாற்றிலேயே விடை தேடவேண்டியுள்ளது.

பொது நீராடுமிடங்களையும் நீச்சல் தடாகங்களையும் அரசு ஒழுங்குபடுத்துதல் என்பது மேலோட்டமான பார்வையில் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் சட்டவியலாருக்கும் மட்டுமே உரிய விடயமாகத் தோன்றலாம். ஆயின் ஒரு சமுதாயம் 'பொது' என்ற சொல்லுக்கு எத்தகைய பொருளை வழங்குகின்றது என்பதை அளந்தறிவதற்கு இதனைவிடத் தெளிவான அளவுகோல் அரிது. வீதியில் ஒருவர் மற்றவரைத் தொடாது செல்லமுடியும். நீரில் அது இயலாது. ஒரே நீரிற் பலரது உடல் நனைகின்றது. எனவேதான் சாதியும் நிறமும் வர்க்கமும் தத்தம் எல்லைகளை நீரருகே மிகக் கடுமையாக வரைந்துள்ளன. இலங்கையின் மலைநாட்டில், மாத்தளை மாவட்டத்து லக்கலவை மையமாகக் கொண்டு இவ்வெல்லைகளின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிரதேசமும் அதன் நீரும்

தும்பறை என்றும் நக்கிள்ஸ் என்றும் வழங்கும் மலைத்தொடரின் சரிவுகளில் அமைந்த பிரதேசம் லக்கல. இன்றைய நிருவாகப் பிரிவின்படி இது லக்கல-பல்லேகம எனப்படும். கண்டி இராச்சியத்தின் காலத்தில் இது மாத்தளைத் திசாவனியின் பகுதியாக இருந்தது. பின்னர் பிரித்தானிய நிருவாகத்தில் மாத்தளை கிழக்கில் அடங்கியது. இங்குப் பாயும் களு கங்கை, களுத்துறையிற் கடலொடு கலக்கும் அதே பெயருடைய ஆறன்று. இது அம்பன் கங்கையை அடைந்து அதனூடாக மகாவலியைச் சேர்வதாகும்.

இத்தகைய மலைநாட்டுப் பிரதேசமொன்றில் மக்கள் நீராடும் இடங்களை மூவகைப்படுத்தலாம்: ஆற்றுத்துறை, கிணறு, பீலி. மலையூற்றின் நீரை மூங்கிற் குழாய் வழியாகவோ கற்கால்வாய் வழியாகவோ தலைக்குமேல் விழச்செய்யும் அமைப்பே பீலி. மலையகத் தமிழரின் அன்றாட வழக்கிலுள்ள இச்சொல்லை அயலிலுள்ள சிங்களக் கிராமத்தவர் 'பீல்ல' என்பர். மொழியால் வேறுபட்ட இரு உழைக்கும் மக்கட் பிரிவினர் ஒரு நீர்ச்சாதனத்தை ஏறத்தாழ ஒரே சொல்லாற் குறிப்பது கவனிக்கத்தக்கது. பேரினவாத வரலாற்றெழுத்து கண்டுகொள்ளாத வாழ்வியல் ஒருமைப்பாடுகளுள் இதுவும் ஒன்று.

2. நிலமானிய சமுதாயத்தில் நீராடுமிடம்

காலனித்துவத்துக்கு முற்பட்ட கிராமச் சமுதாயத்தில் நீர் அனைவருக்கும் பொதுவாக இருந்தது என்றொரு கருத்து நம்மிடையே நிலவுகின்றது. காலனித்துவத்தைக் கண்டிக்கும் ஆர்வத்தில் முற்போக்காளர் சிலரும் இதனை ஏற்றுக்கொள்கின்றனர். சான்றுகள் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. 1660 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், மிகவும் தாழ்த்தப்பட்டிருந்த ரொடி மக்கள் பிறரது கிணறுகளில் நீரள்ள அனுமதிக்கப்படாமையைக் குறிப்பிடுகின்றார். இராசகாரிய முறைமை நிலத்தையும் சாதியையும் கடமையையும் ஒன்றாகப் பிணைத்திருந்தது. அச்சமுதாயத்தில் நீருக்கான உரிமையும் அப்பிணைப்புக்கு உட்பட்டதே.

அதன் உச்சியில் அரசன் இருந்தான். கண்டியில் தலதா மாளிகையின் முன்னால், ஏரிக்கரையில் அமைந்துள்ள 'உல்பெங்கே' எனும் அரசியர் நீராடு மண்டபம் சிறீ விக்கிரம இராசசிங்கனின் (1798 - 1815) காலத்தது. பிரித்தானியர் இதனைக் கைப்பற்றியபின் மேல்மாடியொன்றைச் சேர்த்துத் தம் படையினருக்கும் அதிகாரிகளுக்குமான நூலகமாக்கினர். பிற்காலத்தில் அது பொலிஸாரின் பாவனைக்கு உட்பட்டது. அரசகுலத்தின் நீராடுமிடம், ஆளும் இனத்தாரின் வாசிப்பிடம், பொலிஸ் நிலையம் என்ற இம்மூன்று நிலைகளிலும் அது ஏரிக்கரையில் நின்ற சாதாரண குடிமகனுக்கு உரியதாக இருந்ததில்லை. ஆட்சிகள் மாறியபோதும் நீரருகே இருந்த வேலி நீடித்தது என்பதற்கு இக்கட்டடம் நல்லதொரு சான்றாகும்.

3. இங்கிலாந்தின் குளிப்பகங்களும் இலங்கையின் கட்டளைச் சட்டங்களும்

நவீன அரசு மக்களின் நீராடலிற் கவனஞ் செலுத்தத் தொடங்கியது கைத்தொழிற் புரட்சியின் பின்னரேயாகும். 1832 இன் கொள்ளைநோயான வாந்திபேதி இங்கிலாந்தின் தொழில் நகரங்களை உலுக்கியது. அந்நகரங்களிலே தொழிலாளர் வாழ்ந்த நிலையை ஏங்கல்ஸ் 1845 இல் எழுதிய நூல் உலகறிந்தது. 1842 இல் லிவர்பூலிற் பொதுக் குளிப்பகமும் சலவையகமும் திறக்கப்பட்டன. 1846 இல் நிறைவேறிய குளிப்பக, சலவையகச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் வரிப்பணத்தைக் கொண்டு இவற்றை அமைக்க அதிகாரமளித்தது. தொழிலாளர் வகுப்பினருக்கான குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பென்னி, வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பென்னி எனக் கட்டண உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பாகுபாடு குளிப்பகத்தினுள்ளும் புகுந்தது உண்மையே. உழைப்புச் சக்தியை நோயின்றிப் பேணுவது முதலாளித்துவத்தின் தேவையாக இருந்தமையும் உண்மையே. எனினும் அச்சட்டம் ஒரு கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது: மக்கள் நீராடுவதற்கான இடத்தைப் பொதுப்பணத்தில் அமைத்தல் ஆட்சியின் பணியாகும் என்பதே அது.

அதே பிரித்தானியர் இலங்கையில் இயற்றிய சட்டங்களின் போக்கு வேறானது. 1840 இன் 12 ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரித்துறுதி காட்டமுடியாத காடுகளையும் தரிசுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. இதனால் மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. நிலத்தோடு அந்நிலத்தில் ஊறிய ஊற்றுகளும் கைமாறின என்பதை நிலவுரிமை பற்றிய ஆய்வுகள் போதியளவு வலியுறுத்தவில்லை. மாத்தளையை மையமாகக் கொண்டெழுந்த 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்கள் புதிய வரிகளும் வீதிவேலைக் கட்டாயமுமே. ஆயின் கிராமத்தவர் தம் பொதுவளங்களை இழந்தமை அதன் பின்புலமாக அமைந்தது.

தொடர்ந்துவந்த சட்டங்களிலும் தண்டனையே முதன்மை பெற்றது. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ மாசுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 1897 இன் 3 ஆம் இலக்கத் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பரந்த அதிகாரங்களை நிருவாகத்துக்கு வழங்கியது. இவை தேவையற்றவை என நாம் வாதிடவில்லை. வாந்திபேதி பரவிய நாடொன்றில் நீரைத் தூய்மையாகப் பேணும் விதிகள் இன்றியமையாதவை. ஆனால் எங்கே நீராடக்கூடாது என்று கூறிய சட்டம், எங்கே நீராடலாம் என்பதற்கான இடத்தை அமைக்கும் கடமையை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் தொழிலாளிக்குக் குளிப்பகமாக வந்த அரசு இலங்கையின் குடியானவனுக்கு அபராதமாக வந்தது என்று கூறுவது மிகையாகாது.

ஆளுநர் ஹேர்குலீஸ் ரொபின்சனின் காலத்தில் இயற்றப்பட்ட 1871 இன் 26 ஆம் இலக்கக் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் ஓரளவுக்கு விதிவிலக்காகும். பழைய கன்சபா முறைமைக்குப் புத்துயிரளிப்பதாகக் கூறிக்கொண்ட இச்சட்டத்தின் வழிவந்த ஏற்பாடுகளின் கீழ்க் கிராமக் கிணறுகளும் நீராடுமிடங்களும் கிராம மட்டத்து விதிகளுக்குரிய பொருள்களாயின. மத்திய அரசின் செலவைக் குறைத்துக் கிராமத்தவரைக்கொண்டே கிராமத்தைப் பராமரிக்கும் நோக்கம் இதிலிருந்தது. எனினும் நீராடுமிடம் ஒரு பொதுவளம் என்பதும், அதனைப் பயன்படுத்துவோரே அதற்கு விதிசெய்யலாம் என்பதும் சட்டத்தில் இடம்பெற்றமையை ஒரு முன்னேற்றமாகவே கொள்ளல் வேண்டும். லக்கல போன்ற, நகரங்களிலிருந்து தொலைவிலமைந்த பிரதேசங்களில் அரசுக்கும் நீராடுமிடத்துக்கும் இடையேயான தொடர்பு இவ்வமைப்புகளினூடாகவே ஏற்படக்கூடியதாயிருந்தது.

4. கிராமத்துக்கு வெளியே இருந்த கிராமம்

கிராமச் சங்கங்கள் கிராமத்தவருக்கு உரியவை. ஆனால் மாத்தளை மாவட்டத்தின் மலைகளிலே கிராமம் என்று கணிக்கப்படாத குடியிருப்புகள் பல தோன்றியிருந்தன. அவையே பெருந்தோட்ட லயன்கள்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தனர். அப்பாதையிற் குடிநீரின்மையும் வாந்திபேதியும் பலரைப் பலிகொண்டன. 1917 இல் மண்டபம் முகாம் அமைக்கப்பட்ட பின்னர், இலங்கைக்கு வரும் தொழிலாளர் அங்கே தடுத்துவைக்கப்பட்டு நோய்ப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களது உடலின் தூய்மை கப்பலேறுமுன் அரசின் தீவிர அக்கறைக்குரியதாக இருந்தது. தோட்டத்தை அடைந்தபின் அதே உடல் எங்கே நீராடுவது என்பது துரைத்தனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஒரு வரிசை லயன்களுக்கு ஒரு பீலி அல்லது ஓர் ஓடை என்பதே பெரும்பாலான தோட்டங்களின் நிலை. கொழுந்து நிறுத்து முடிந்து மாலையில் திரும்பும் பெண்கள் குறுக்குக்கட்டுடன் திறந்த வெளியில் முறைக்காகக் காத்துநிற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒரு மறைப்புச் சுவர்தானும் எழுப்பவேண்டும் என்பது இலாபக் கணக்கில் இடம்பெறக்கூடிய செலவாக இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றக்கூடிய வாய்ப்பொன்று 1930களிற் தோன்றியது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இற் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதனைத் தொடர்ந்து கிராமச் சங்கங்களைச் சனநாயகப்படுத்தும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஆயின் 1938 இன் கிராமச் சமூகங்கள் திருத்தச் சட்டம் தோட்ட லயன்களில் வாழ்ந்த தொழிலாளரை அச்சங்கங்களின் வாக்காளர் தொகுதியிலிருந்து விலக்கியது. முதலில் இந்தியத் தொழிலாளரைக் குறித்தே இவ்விலக்கு முன்மொழியப்பட்டது. இந்தியத் தரப்பின் எதிர்ப்பைத் தொடர்ந்து, இனத்தைச் சுட்டாது லயனில் வசித்தலைச் சுட்டும் வகையில் வாசகம் மாற்றியமைக்கப்பட்டது. இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இனவாதத்தின் இடத்தை வர்க்கம் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. ஒரு மனிதன் பொதுமக்களுள் ஒருவனா என்பதைத் தீர்மானித்தது அவன் உறங்கிய அறையின் கூரையே.

இதன் விளைவு தெளிவானது. கிணறும் நீராடுமிடமும் அமைக்கும் அதிகாரம் பெற்ற மன்றத்திலே தோட்டத் தொழிலாளிக்குக் குரலில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தேசிய மட்டத்தில் செய்ததை, கிராம மட்டத்தில் இச்சட்டம் பத்தாண்டுகளுக்கு முன்னரே செய்திருந்தது. மலையக மக்களின் உரிமை இழப்பு வரலாற்றை 1948 இலிருந்து தொடங்குவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமியப் பிரதேசங்களுக்கான புதிய உள்ளூராட்சி அமைப்பைத் தோற்றுவித்தது. பொது நீராடுமிடங்களை அமைத்தலும் அவற்றுக்குத் துணைவிதிகள் செய்தலும் இச்சபைகளின் அதிகாரங்களுள் அடங்கும். ஆயினும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு அதே சட்டத்தின் வாசகங்கள் தடையாக இருந்தன. தோட்ட மக்கள் இப்போது வாக்களித்தனர். அவர்களுள் சிலர் உறுப்பினராகவும் தெரிவாகினர். ஆனால் தம்மைத் தெரிவுசெய்த மக்களின் லயனுக்குச் சபைப் பணத்தில் ஒரு பீலியைத் திருத்திக் கொடுப்பதும் அவ்வுறுப்பினருக்குச் சிக்கலாக இருந்தது. இத்தடை 2018 இன் திருத்தச் சட்டத்தாலேயே நீக்கப்பட்டது. 1938 முதல் 2018 வரை எண்பது ஆண்டுகள் கழிந்துள்ளன.

5. சட்டமும் போராட்டமும்

எழுத்தில் 'பொது' எனப்பட்ட நீர் நடைமுறையிற் பொதுவாவதற்குச் சட்டம் மட்டும் போதாது என்பதை ஏனைய நாடுகளின் வரலாறும் காட்டுகின்றது. பொது நிதியால் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டோருக்குத் திறந்துவிட வேண்டுமென்று 1923 இற் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாடு நகரசபையும் 1924 இல் தன் சவதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. ஆனால் எவரும் அங்கே நீரருந்தத் துணியவில்லை. 1927 மார்ச் 20 ஆம் திகதி அம்பேத்கரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அக்குளத்துக்கு ஊர்வலமாகச் சென்று நீரருந்தினர். அவர்கள் தாக்கப்பட்டனர், குளம் சடங்கு முறையிற் 'தூய்மை' செய்யப்பட்டது, நகரசபை தன் தீர்மானத்தை மீளப்பெற்றது. பத்தாண்டுகளின் பின்னர், 1937 இலேயே பம்பாய் உயர்நீதிமன்றம் இறுதித் தீர்ப்பைத் தாழ்த்தப்பட்டோர் சார்பில் வழங்கியது.

இலங்கையிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொதுக் கிணறு, ஊற்று, நீர்க்குழாய் முதலியவற்றைப் பயன்படுத்துவதைச் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் பிறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னரும் நிலைமை மாறாமையினாலேயே 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிய எழுச்சி ஊர்வலம் இடம்பெற்றது. அதன்பின் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நேரடிப் போராட்டங்கள் தொடர்ந்தன. 1971 இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதி 1960 இல் 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற பெயரில் வெளிவந்ததும், கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டதும் தற்செயலானவை அல்ல. நீராடலைக் கொண்டாடிய இலக்கிய மரபுக்கு, நீர் மறுக்கப்பட்டோரின் பக்கத்தில் நின்று முற்போக்கு இலக்கியம் அளித்த விடைகள் அவை.

நீச்சல் தடாகங்களைப் பொறுத்தவரையில் இப்பிரச்சினை நிறவாதத்தின் வடிவைப் பெற்றது. அவுஸ்திரேலியாவின் மொறீ நகரசபை தன் தடாகத்தில் ஆதிக்குடிகள் நீராடுவதை 1955 இல் தீர்மானத்தின் மூலம் தடைசெய்தது. 1965 பெப்ரவரியில் சார்ள்ஸ் பெர்க்கின்ஸ் தலைமையிற் சென்ற சிட்னிப் பல்கலைக்கழக மாணவர் ஆதிக்குடிச் சிறுவரை அழைத்துக்கொண்டு அத்தடாகத்தின் வாயிலில் நின்று போராடி அத்தடையைத் தகர்த்தனர். ஐக்கிய அமெரிக்காவின் ஜக்சன் நகரம் இன்னொரு வழியைக் கண்டது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தடாகத்தில் இறங்குவதைத் தவிர்க்கும் பொருட்டுப் பொதுத் தடாகங்களை நகராட்சி நடத்துவதையே அது கைவிட்டது. 1971 இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் இதனைச் செல்லுபடியாகும் எனக் கொண்டது. தடாகம் இருந்தால் அதை எல்லோருக்கும் திறக்கவேண்டும். ஆனால் தடாகமே இருக்கவேண்டும் என்ற கடமை ஆட்சிக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். வழங்கும் கடமையற்ற சமத்துவத்தின் எல்லை யாது என்பதை இதனைவிடத் துலக்கமாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. வசதி படைத்தோர் தனியார் தடாகங்களுக்குச் சென்றனர். ஏழைகள் கோடை வெயிலில் விடப்பட்டனர்.

ஜக்சனின் தீர்ப்பு நமக்கு அந்நியமானதன்று. இலங்கையில் நீச்சல் தடாகம் கழகங்களின், விடுதிகளின், முன்னணிப் பாடசாலைகளின் சொத்தாகவே பெரிதும் வளர்ந்துள்ளது. அரசு அமைத்தவற்றுட் குறிப்பிடத்தக்கதான கொழும்பு சுகததாச நீச்சல் தடாகம் 1991 இன் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி எழுந்தது. அது போட்டியாளரின் தேவைக்காக எழுந்ததேயன்றி, நீந்தக் கல்லாத குடியானவச் சிறுவனை எண்ணி எழுந்ததன்று.

6. மூழ்கிய துறைகள்

இனி, மீண்டும் லக்கலவுக்கு வருவோம். 2007 இல் தொடங்கிய மொரகஹகந்த - களு கங்கைத் திட்டம் இப்பிரதேசத்தின் புவியியலையே மாற்றியது. களு கங்கைக்குக் குறுக்கே பல்லேகமவில் அணை கட்டப்பட்டு, 2018 இல் நீர் தேக்கப்பட்டபோது பழைய லக்கல நகரும் அதன் சுற்றுப்புறமும் நீரினுள் அமிழ்ந்தன. மக்களுக்கெனப் புதிய நகரொன்று வேறிடத்தில் அமைக்கப்பட்டது. களு கங்கையின் நீர் சுரங்கவழி மொரகஹகந்தவை அடைந்து, வறண்ட பிரதேசத்து வயல்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் செல்கின்றது. வடமத்திய மாகாணத்துக் குடியானவரின் நீர்த்தேவை நியாயமானது. ஆகவே அணைக்கட்டையே எதிர்ப்பது நம் நிலைப்பாடன்று.

ஆனால் இழப்பீட்டுக் கணக்குகளின் இயல்பை நாம் நோக்கவேண்டும். வீட்டுக்கும் வயலுக்கும் மரத்துக்கும் விலை கணிக்கப்படும். ஏனெனில் அவை ஒருவருக்கு உடைமையானவை. ஆற்றுத்துறை எவருக்கும் உடைமையன்று, எல்லோருக்கும் உரியது. எனவே அது கணக்கில் வராது. ஒரு துறை என்பது வெறும் நீரன்று. எக்கல் வழுக்கும், எவ்விடம் ஆழம், மழைக்குப்பின் எத்தனை நாள் இறங்கலாகாது என்ற தலைமுறை அறிவும், ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய நேரங்கள் பற்றிய எழுதா விதிகளும், துணி துவைக்கும் கல்லில் நடைபெறும் ஊர்ப்பேச்சும் சேர்ந்தே துறையாகின்றன. துறை அமிழும்போது இவ்வறிவும் பயனற்றுப்போகின்றது. முன்பு ஓடைக்கரையில் வாழ்ந்தவரின் பிள்ளைகள் இப்போது ஆழமறியா நீர்த்தேக்கமொன்றின் கரையில் வாழ்கின்றனர். அங்கே அவர்களை எதிர்கொள்ளக்கூடியது 'நீராடுதல் ஆபத்தானது' என்னும் அறிவிப்பே. அவ்வறிவிப்பு உண்மையானது, உயிர்காப்பதும்கூட. ஆனால் அதனை நாட்டும் அரசு பாதுகாப்பான மாற்றிடம் ஒன்றையும் உடன் அமைக்காதவரை, அது 1883 இன் சட்டக்கோவை பேசிய மொழியையே பேசுகின்றது.

மறுபுறத்தில், இதே மலைகளின் நீர் வேறொரு வகையாருக்குத் திறக்கப்பட்டுள்ளது. 1873 இல் உயர்மலைக் காடுகளை அழிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2000 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. காட்டைப் பாதுகாத்தல் அவசியமே. ஆயின் சேரா எல்ல முதலிய அருவிகளையும் ரிவஸ்டன் பக்கத்து ஓடைகளையும் நாடி நகரங்களிலிருந்து வரும் உல்லாசப் பயணிகளின் தொகை பெருகுந்தோறும், நீர் காட்சிப் பொருளாகவும் கட்டணப் பொருளாகவும் மாறுகின்றது. ஊரவர் நாளாந்தம் குளித்த ஓடை விடுதியின் விளம்பரத்தில் இடம்பெறும்போது, அவ்விடத்தில் ஊரவரே மிகையானவராகத் தோன்றும் நிலை உருவாகக்கூடும். முடிக்குரிய நிலமென்ற பெயரில் 1840 இல் நிகழ்ந்தது சந்தையின் பெயரில் மீள நிகழ்வதற்கான வாய்ப்பு இங்குள்ளது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். நீராடுமிடங்கள் தொடர்பாக அரசு மேற்கொள்ளும் செயல்களைத் தடுத்தல், பகுத்தல், வழங்கல் என மூன்றாக வகுக்கலாம். இலங்கையின் வரலாற்றிலே தடுக்கும் சட்டம் விரைவாக வந்தது. பகுக்கும் சட்டம் சாதியையும் லயனையும் எல்லையாகக்கொண்டு நிலைத்தது. வழங்கும் சட்டம் ஏட்டில் இருந்தும் நடைமுறையிற் பின்தங்கியது. இதற்குக் காரணம் தனிப்பட்ட அதிகாரிகளின் மனக்குறை அன்று. பெருந்தோட்டப் பொருளாதாரம் தொழிலாளியின் உடலை உழைப்புக்காக மட்டுமே கணித்தது; சுதந்திரத்தின் பின் வந்த அரசும் அக்கணிப்பை முற்றாகக் கைவிடவில்லை.

நீருக்கும் துப்புரவுக்குமான உரிமையை 2010 யூலை 28 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. இவ்வுரிமையை நமது நாட்டிற் பொருளுடையதாக்கப் புதிதாக மாபெரும் சட்டங்கள் வேண்டியதில்லை. பிரதேச சபைகளுக்கு அதிகாரம் உண்டு. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியமத் துணைவிதிகளை ஏற்றுக்கொள்ளும் வழியும் உண்டு. 2018 இன் திருத்தத்துக்குப் பின் லயன்களும் அவ்வதிகாரத்துக்கு வெளியே இல்லை. இல்லாதிருப்பவை நிதியும், அவ்விடங்களைப் பயன்படுத்தும் மக்களின் நேரடிப் பங்கேற்புமே. ஒவ்வொரு லயன் வரிசைக்கும் மறைப்புச் சுவருடைய குளிக்குமிடம், ஒவ்வொரு நீர்த்தேக்கக் குடியேற்றத்துக்கும் எல்லையிடப்பட்ட பாதுகாப்பான துறை, கிராமப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சற் பயிற்சி என்பன எட்டாக் கனவுகள் அல்ல. இங்கிலாந்தின் தொழிலாளர் 1846 இல் இவற்றுக்கு நிகரானதைப் பெற்றனர்.

இக்கோரிக்கையை லக்கலவின் சிங்களக் குடியானவரும் மாத்தளை மலைகளின் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் தனித்தனியே எழுப்பினால் இரண்டும் மனுக்களாகவே முடியும். ஒருவர் துறையை அணை கொண்டது; மற்றவருக்குத் துறையே வழங்கப்படவில்லை. பீலி என்ற சொல்லை ஏறத்தாழ ஒன்றாகவே வழங்கும் இவ்விரு மக்களும் ஒரே சபையின் முன் ஒன்றாக நின்று கேட்கும் நாளிலேயே, சட்டத்தில் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்துள்ள 'பொது' என்ற சொல் தன் முழுப்பொருளைப் பெறத் தொடங்கும்.